பத்து யூரோவுக்குள் பிரெஞ்சு ஒயின்: எதை எடுப்பது, எதை விடுவது

பிரான்சில் நடுத்தரமான ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாலே ஒயினுக்கென்று நீளமாக ஒரு வரிசை இருக்கும். பெரும்பாலான பாட்டில்களின் விலை 3 யூரோவிலிருந்து 12 யூரோவுக்குள் அடங்கிவிடும். புதிதாகக் குடிக்கத் தொடங்கியவர் அங்கே என்ன செய்கிறார்? எங்கோ காதில் விழுந்த பெயரைத் தேடுகிறார். போர்தோ, சேன் எமிலியோன், சான்சேர், ஷாதோநேஃப் து பாப். அந்தப் பெயருள்ள பாட்டில்களிலேயே விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேர்போன ஊரின் ஆகக் குறைந்த விலை பாட்டிலில் நீங்கள் வாங்குவது ஊர்ப் பெயரை மட்டும்தான். அதே காசுக்குப் பக்கத்து ஊர்க்காரர் தன்னிடம் உள்ளதிலேயே நல்லதைத் தந்துகொண்டிருப்பார். அவருடைய ஊர்ப் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் விலைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 4 யூரோ பாட்டிலில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியைக் கழித்தால் மீதி 3.33. கடைக்காரர் அதில் கால்பங்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 2.50. கண்ணாடி, தக்கை, லேபிள், அட்டைப்பெட்டி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு யூரோ என்று வையுங்கள். உள்ளே இருக்கும் ஒயினுக்கு ஒன்றரை யூரோ. இதே கணக்கை 8 யூரோ பாட்டிலுக்குப் போட்டால் ஒயினுக்கு 4 யூரோ வருகிறது. விலை இரண்டு மடங்குதான் கூடியது, ஒயினுக்குப் போகும் பணமோ இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. அதனால் பிரான்சில் 7 முதல் 11 யூரோ வரையுள்ள இடம்தான் தொடக்கக்காரருக்கு ஆதாயமானது. அதற்குக் கீழே பாட்டிலுக்கும் பெட்டிக்கும் காசு கொடுக்கிறீர்கள். 15 யூரோவுக்கு மேலே போகப் போக நிலத்தின் விலைக்கும் பெயருக்கும் கொடுக்கிறீர்கள். பிரான்சில் ஒயின் மீதான கலால் வரி ஒரு பாட்டிலுக்குச் சில சென்ட் மட்டுமே. அதனால்தான் இந்தக் கணக்கு இங்கே நிற்கிறது. லண்டனில் வரி மட்டுமே இரண்டரை பவுண்டுக்கு மேல் போய்விடும். அங்கே இந்த எல்லைகளை இன்னும் மேலே தள்ளிப் பார்க்க வேண்டும்.

இனி லேபிள். பிரெஞ்சு லேபிள் பெரும்பாலும் திராட்சையின் பெயரைச் சொல்லாது, ஊரைத்தான் சொல்லும். ஊர் தெரிந்தால் திராட்சையும் தெரிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். சட்டப்படி மூன்று படிகள் உண்டு. மேல்படி ஏ.ஓ.சி., இப்போது ஏ.ஓ.பி. என்றும் எழுதுவார்கள். எந்த எல்லைக்குள், எந்தத் திராட்சை, ஒரு ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர் வரை என்பதெல்லாம் விதியாக எழுதப்பட்டிருக்கும். 1935இல் நாடு முழுமைக்குமான சட்டமாக வந்த ஏற்பாடு இது. அடுத்தபடி ஐ.ஜி.பி.; எல்லை பெரியது, விதி தளர்வு, திராட்சையின் பெயரைப் பளிச்சென்று போடுவார்கள். கடைசிப்படி வான் த ஃப்ரான்ஸ், நாட்டின் எந்த மூலைத் திராட்சையும் கலக்கலாம். இந்தப் படிகள் தரத்தின் வரிசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விதியின் இறுக்கம்தான் வேறுபடுகிறது. தன் பகுதியில் அனுமதியில்லாத திராட்சையை நட்ட நல்ல விவசாயி வான் த ஃப்ரான்ஸ் என்று போட்டு 20 யூரோவுக்கு விற்கிறார். 3 யூரோ ஏ.ஓ.சி.யும் இருக்கிறது, யாரும் வாங்க வேண்டாம்.

ஊர்ப் பெயருக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பாட்டிலில் அடைத்தவர் யார் என்பது. என் கணிப்பில் மலிவு ஒயினில் இதைவிடப் பயனுள்ள தகவல் லேபிளில் வேறில்லை. ‘மீஸ் ஆன் புத்தேய் ஓ தொமேன்’ அல்லது ‘ஓ ஷாதோ’ என்றிருந்தால் தோட்டத்திலேயே அடைத்தது. ‘ஆ லா ப்ரொப்ரியேத்தே’ என்றால் தோட்டமாகவும் இருக்கலாம், விவசாயிகளின் கூட்டுறவாகவும் இருக்கலாம், இரண்டும் நல்லதே. ‘தான் நோ ஷே’, அதாவது எங்கள் கிடங்கில் அடைத்தது என்றோ, உற்பத்திப் பகுதியில் அடைத்தது என்றோ மட்டும் இருந்தால் ஒரு வணிகர் பல இடங்களில் மொத்தமாக வாங்கிக் கலந்திருக்கிறார். பெயரில்லாமல் ஈ.எம்.பி. என்ற எழுத்துகளும் ஐந்து எண்களும் மட்டும் இருப்பதுண்டு. முதல் இரண்டு எண்கள் மாவட்டம்: 33 போர்தோ பகுதி, 44 முஸ்கதே பகுதி, 69 போஜொலேயை உள்ளடக்கிய ரோன் மாவட்டம், 11 கோர்பியேர் பகுதி. ஒயினின் ஊருக்கும் அடைத்த மாவட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் ஒயின் டாங்கர் லாரியில் ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறது என்று பொருள். கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது, ஆனால் 8 யூரோ கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமிருக்காது. எல்லா வணிகர்களும் இப்படி இல்லை. ரோனில் கிகால் போன்ற பெரிய நிறுவனங்கள் வாங்கிக் கலந்தே ஆண்டுக்கு ஆண்டு நம்பகமான கோத் து ரோன் தருகிறார்கள். அவர்கள் தங்கள் பெயரை மறைப்பதில்லை, கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

மயக்குகிற சொற்களும் லேபிளில் நிறைய. ‘கிராண்ட் வான் த போர்தோ’, ‘வியேய் வீஞ்’ (வயதான கொடிகள்), ‘கூவே ப்ரெஸ்தீஜ்’ ஆகியவற்றுக்கு அளவுகோல் கிடையாது. எத்தனை வயதான கொடி ‘வயதானது’ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ‘ஷாதோ’ என்று படித்ததும் கோபுரம் வைத்த மாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். திராட்சை ஒரே தோட்டத்தினுடையது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் உறுதிமொழி இல்லை, ஓட்டுக் கொட்டகையும் ஷாதோதான். ஆகப் பெரிய பொறி சேன் எமிலியோனில் இருக்கிறது. ‘சேன் எமிலியோன் கிரான் க்ரூ’ என்பது பார்ப்பதற்கு உயர்ந்த பட்டம் போலிருக்கும். ஏறக்குறைய அதே நிலப்பரப்பிலிருந்து, சற்றே கடுமையான விதிகளோடு வரும் இன்னொரு ஏ.ஓ.சி., அவ்வளவே. உண்மையான தரப்பட்டியலில் இருப்பவை ‘கிரான் க்ரூ க்ளாசே’ என்று முடியும், அவை நம் பட்ஜெட்டுக்குள் வராது.

தங்கப் பதக்கம் ஒட்டிய பாட்டில்களைப் பற்றியும் கேட்பார்கள். பிரெஞ்சு விதிப்படி ஒரு போட்டியில் கலந்துகொண்ட ஒயின்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதக்கம் தரக்கூடாது. அதாவது மூன்றில் ஒன்று வரை வாங்கிவிடலாம். மாகோன் போட்டி, பாரிஸ் விவசாயக் கண்காட்சியின் போட்டி இரண்டும் ஓரளவு மதிக்கத்தக்கவை. இரண்டு பாட்டில்களுக்கு நடுவே தீர்மானிக்க முடியாமல் நிற்கும்போது பதக்கம் உதவும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை. பதக்கத்தில் உள்ள ஆண்டும் ஒயினின் அறுவடை ஆண்டும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது ஊர் ஊராகப் போகலாம். வெள்ளையில் என் முதல் பரிந்துரை எப்போதும் முஸ்கதே. லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் உள்ள நாந்த் நகரைச் சுற்றி விளைவது. பெயரைப் பார்த்து மஸ்கட் திராட்சை என்று நினைப்பார்கள், அதற்கும் இதற்கும் உறவில்லை. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோஞ். 1709ஆம் ஆண்டின் கொடும் பனியில் அந்தப் பகுதியின் கொடிகள் கருகிப்போனபின், குளிர் தாங்கும் என்பதால் இது பரவலாக நடப்பட்டது. இயல்பில் பெரிய மணமில்லாத திராட்சை. அதை ஈடுகட்ட, நொதித்து முடிந்த ஒயினை வடிக்காமல் குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் மண்டியோடு தொட்டியிலேயே விடுவார்கள். மண்டி மெல்லக் கரைந்து ஒயினுக்குக் கொஞ்சம் சதை தரும், ரொட்டி போன்ற மணம் வரும். இப்படிச் செய்ததில் ‘ஸுர் லி’ என்று எழுதியிருக்கும். ‘முஸ்கதே செவ்ர் எ மேன் ஸுர் லி’ என்ற முழுப்பெயரும் இருக்க வேண்டும்; வெறும் முஸ்கதே என்பது இன்னொரு படி கீழே. 6 முதல் 10 யூரோ. நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்தினால் பயப்பட வேண்டாம், மண்டியோடு இருந்ததில் தங்கிய கரியமில வாயு அது. பிடித்துப்போனால் அடுத்த படி க்லிசோன், கோர்ஜ், லெ பலே என்ற ஊர்ப் பெயர் சேர்ந்தவை. 2011இல் அங்கீகாரம் பெற்றவை, மண்டியோடு நெடுங்காலம் கிடந்தவை. 15 யூரோவை ஒட்டிய விலைக்கு பூர்கோஞ் (பர்கண்டி) வெள்ளைகளோடு மல்லுக்கு நிற்கும்.

லுவாரிலேயே கிழக்கே போனால் சான்சேர். சோவிஞோன் ப்ளான் திராட்சை, உலகப் புகழ், விலை 18 யூரோவுக்கு மேல். அதே திராட்சையை அதே ஆற்றோரம் தூரேனில் பயிரிட்டு 6 முதல் 9 யூரோவுக்கு விற்கிறார்கள். சான்சேரின் சுண்ணாம்பு நிலம் தரும் நுட்பம் அதில் இருக்காது. எலுமிச்சையும் பச்சை இலையும் கலந்த அந்த அடிப்படை மணம் இருக்கும், தொடக்கத்துக்கு அது போதும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாரென்றால் கென்சி, ரெய்யி, மெனத்தூ சாலோன்.

சிவப்பில் தொடங்க போஜொலேயைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காரணம் துவர்ப்பு. பச்சைப் பாக்கை மென்றது போல ஈறும் நாக்கும் இழுக்கும் அந்த உணர்வுதான் புதியவர்களைச் சிவப்பு ஒயினிலிருந்து விரட்டுகிறது. அது திராட்சைத் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருந்து இறங்குவது. போஜொலேயின் காமே திராட்சையில் இயல்பிலேயே துவர்ப்பு குறைவு. அதோடு அங்கே குலைகளை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் கொட்டி மூடிவிடுவார்கள். கரியமில வாயு நிரம்பிய தொட்டியில் நொதித்தல் பழத்துக்குள்ளேயே தொடங்கும். தோலின் நிறமும் பழ மணமும் இறங்கும், துவர்ப்பு அதிகம் இறங்காது. அறுவடையான சில வாரங்களிலேயே விற்பனைக்கு வரும் ‘நுவோ’, அதாவது புது ஒயின், நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கொண்டாட்டத்துக்கானது. வாழைப்பழ மிட்டாய் மணம், வேறொன்றும் பெரிதாக இல்லை. அதை வைத்து இந்தப் பகுதியை எடைபோடாதீர்கள். ‘போஜொலே வில்லாஜ்’ 7 முதல் 10 யூரோ. அதற்கு மேலே மொர்கோன், ஃப்ளெரி, ப்ரூயி, ஜூலியேனா, மூலான் ஆ வான் எனப் பத்து க்ரூ (தனிப்பெயரில் ஏ.ஓ.சி. பெற்ற) ஊர்கள். இவற்றின் லேபிளில் போஜொலே என்ற சொல்லே பல நேரம் இருக்காது. அதனால் தெரிந்தவர்கள் மட்டும் எடுத்துப் போகிறார்கள். 1395இல் பூர்கோஞ் கோமகன் இரண்டாம் ஃபிலிப் காமேயை மட்டமான திராட்சை என்று பழித்துத் தன் நிலத்திலிருந்து பிடுங்கச் சொல்லி ஆணையிட்டார். அந்த இழிபெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகாமல் இருப்பது வாங்குகிற நமக்கு நல்லது, 12 யூரோவுக்கு நல்ல மொர்கோன் கிடைப்பது அதனால்தான்.

பூர்கோஞ்சின் சிவப்புத் திராட்சையான பினோ நுவார் 10 யூரோவுக்குள் வேண்டும் என்று தேடாதீர்கள். அந்த விலைக்கு ‘கோத்தோ பூர்கிஞோன்’ என்று ஒரு பெயர் கண்ணில் படும், பினோ நுவார் என்று நம்பி எடுப்பார்கள். பெரும்பாலும் காமே கலந்தது, முழுக்கக் காமேயாகவும் இருக்கலாம். அந்தப் பகுதியில் மலிவாக வாங்கத்தக்கவை வெள்ளைகள்: ஷார்தொனே திராட்சைக்கு மாகோன் வில்லாஜ், கூர்மையான புளிப்புக்கு அலிகோத்தே. ‘புயி ஃபுயிசே’ ஷார்தொனே, ‘புயி ஃப்யூமே’ லுவாரின் சோவிஞோன். இரண்டும் வேறு வேறு ஊர், இரண்டுமே நம் பட்ஜெட்டுக்கு வெளியே.

தெற்கே ரோன் பள்ளத்தாக்கில் படிகள் தெளிவானவை. கோத் து ரோன், அதற்கு மேல் கோத் து ரோன் வில்லாஜ், அதற்கு மேல் ஊர்ப் பெயர் சேர்ந்த வில்லாஜ் (செகுரே, சப்லே, ப்ளான் த தியே, விசான்), உச்சியில் ஜிகோந்தாஸ், வக்கேராஸ், ஷாதோநேஃப் போன்ற க்ரூக்கள். கீழ்ப்படிக்கும் ஊர்ப் பெயர்ப் படிக்கும் விலையில் இரண்டு, மூன்று யூரோதான் வித்தியாசம், குடிக்கும்போது தெரிகிற வித்தியாசம் அதைவிடப் பெரிது. இந்த நாட்டில் இரண்டு யூரோ கூடுதலாகக் கொடுப்பதற்கு இதைவிடத் தகுந்த இடம் கிடையாது. க்ரெனாஷ் முதன்மைத் திராட்சை, சிராவும் மூர்வெத்ரும் துணை. வெயில் ஊர் என்பதால் ஆல்கஹால் 14, 14.5 சதவீதம் என்று ஏறும். லேபிளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் பாருங்கள். 14 சதவீத ஒயின் 150 மில்லி குடித்தால் உடலுக்குள் போவது 16 கிராமுக்கு மேல் ஆல்கஹால். பிரெஞ்சு சுகாதாரத் துறை ஒரு ‘கோப்பை’ என்று கணக்கிடுவது 10 கிராம். நாளுக்கு இரண்டு, வாரத்துக்குப் பத்து என்ற அவர்களுடைய உச்சவரம்பைக் கணக்கிடும்போது இந்த ஒன்றரைப் பங்கை நினைவில் வையுங்கள்.

லாங்தோக்கில் நல்ல விலை எங்கும் உண்டு: கோர்பியேர், மினெர்வுவா, சேன் ஷினியான், ஃபோஜேர். கடலோரக் காயலான தோ ஏரிக்கருகில் விளையும் பிக்பூல் த பினே, முஸ்கதேக்குத் தெற்கத்தித் தம்பி. 6 முதல் 9 யூரோ. திராட்சைகளைத் தனித்தனியே தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு ‘பேய் தோக்’ ஐ.ஜி.பி. வசதி, லேபிளில் திராட்சையின் பெயர் நேராக இருக்கும். அப்படிப் பெயர் போட்டால் குறைந்தது 85 சதவீதம் அதே திராட்சையாக இருக்க வேண்டும். அல்சாஸில் நீளக் கழுத்துப் பாட்டில். பெயர் போட்டால் முழுக்க அதே திராட்சை. முன்பெல்லாம் அல்சாஸ் ரீஸ்லிங் இனிக்குமா இனிக்காதா என்று திறந்தால்தான் தெரியும். 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று ஆனபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

போர்தோவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 1855ஆம் ஆண்டுத் தரப்பட்டியலில் இருக்கும் சில டசன் தோட்டங்களின் புகழ், அந்தப் பட்டியலோடு சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான தோட்டங்களின் பாட்டிலையும் விற்றுக்கொடுத்தது. இப்போது அங்கே விளைச்சல் மிகுந்து, வாங்க ஆளில்லாமல், அரசு உதவியோடு கொடிகளைப் பிடுங்குகிறார்கள். 4 யூரோ போர்தோ மெல்லியதாக, பச்சை வாசனையோடு இருக்கும். அதை மறைக்க மரச்சீவல் போட்டு ஊறவைத்திருப்பார்கள், வெனிலா மணம் தனியாக நிற்கும். மரப்பீப்பாயில் வைத்தது என்று லேபிளில் எழுத வேண்டுமானால் உண்மையாகவே பீப்பாயில் வைத்திருக்க வேண்டும், சீவல் போட்டவர்கள் எழுத முடியாது. 8 முதல் 11 யூரோ தரத் தயாரென்றால் நிலைமை வேறு. ‘கஸ்தியோன் கோத் த போர்தோ’, ‘ப்ளேய் கோத் த போர்தோ’, ஃப்ரோன்சாக், சேன் எமிலியோனைச் சுற்றியுள்ள லுசாக், புயிசெகான், மோந்தாஞ். எல்லாம் மெர்லோ திராட்சை மிகுந்தவை, துவர்ப்பு மென்மையானது. மெதோக் பக்கத்து காபெர்னே சோவிஞோனை மலிவில் வாங்கித் துவர்ப்போடு போராட வேண்டாம், அதற்குப் பிறகு காலம் இருக்கிறது.

தென்மேற்கில் கோத் த காஸ்கோஞ் வெள்ளை 5, 6 யூரோவுக்கே சுத்தமாக இருக்கும். தாரிக்கே தோட்டமும் ப்ளேமோன் கூட்டுறவும் அங்கே பெரிய பெயர்கள். காஸ்கோஞ்சில் வழுக்கி விழுவது இனிப்பு விஷயத்தில்: ஒரே தயாரிப்பாளரின் ஒரே மாதிரிப் பாட்டிலில் ஒன்று இனிப்பில்லாதது, இன்னொன்று ‘முவல்லே’. ஒரு லிட்டரில் சர்க்கரை 4 கிராம் வரை ‘செக்’, 12 வரை ‘தெமி செக்’, 45 வரை ‘முவல்லே’, அதற்கு மேல் ‘தூ’. புளிப்பு தூக்கலாக இருந்தால் ‘செக்’ 9 கிராம் வரை போகலாம். போர்தோவின் கிராவ் பகுதியில் ‘கிராவ் சுபேரியேர்’ என்று பார்த்து உயர்ந்த கிராவ் என்று எடுப்பவர்களும் உண்டு. அது இனிப்பு வெள்ளை.

நுரைக்கும் ஒயின் வேண்டுமென்றால் மலிவான ஷாம்பெய்னைத் தொடாதீர்கள். 15 யூரோ ஷாம்பெய்னைவிட 9 யூரோ க்ரேமான் (ஷாம்பெய்ன் பகுதிக்கு வெளியே செய்யும் நுரை ஒயின்) மேல் என்று தயங்காமல் சொல்வேன். செய்முறை ஒன்றே: இரண்டாவது நொதித்தல் விற்கிற பாட்டிலுக்குள்ளேயே நடக்கும். க்ரேமானுக்கு மண்டியோடு குறைந்தது 9 மாதம், ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்னுக்கு மொத்தம் 15 மாதம். லுவார், அல்சாஸ், பூர்கோஞ், லிமூ, ஜூரா, போர்தோ, சவுவா, தீ என எட்டுப் பகுதிகளின் பெயரில் வருகிறது. முதலில் லுவாரையோ லிமூவையோ எடுங்கள். சர்க்கரைப் பெயர்கள் இங்கே வேறு: ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள், ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்பது பெயருக்கு மாறாக 12 முதல் 17, ‘தெமி செக்’ 32 முதல் 50. 3 யூரோவுக்கு ‘வான் முசே’ என்று மட்டும் போட்டிருப்பது தொட்டியில் நுரைக்க வைத்தது. ‘காசேய்ஃபியே’ என்றும் சேர்ந்திருந்தால் சோடாவைப் போல வாயு ஏற்றியது. திறக்கும்போது பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். கம்பியை ஆறு அரைச்சுற்றில் தளர்த்தி, கட்டைவிரலைத் தக்கையிலிருந்து எடுக்காமல், தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். உள்ளே கார் டயரைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம், ஆள் இருக்கும் பக்கம் காட்டாதீர்கள்.

ஆண்டைப் பொறுத்தவரை இந்த விலையில் விதி எளிது. வெள்ளையும் ரோசேயும் கடைசி அறுவடை அல்லது அதற்கு முந்தையது. சிவப்பு ஒன்றிலிருந்து நான்கு ஆண்டுக்குள். 7 யூரோ ஒயினை அலமாரியில் வைத்துப் பழசாக்கினால் பழ மணம் போய்விடும், பதிலுக்கு எதுவும் வராது. ஏழெட்டு ஆண்டு பழைய மலிவுச் சிவப்பு தள்ளுபடியில் கிடைத்தால் விட்டுவிடுங்கள், விற்காமல் கடையின் விளக்கு வெளிச்சத்தில் நின்றது அது.

சரியாக வாங்கிய ஒயினையும் வீட்டில் கெடுப்பது வெப்பம். சிவப்பு ஒயின் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றைய சூடேற்றும் வசதி இல்லாத பழங்காலக் கல்வீடுகளின் விதி; அந்த அறைகள் பெரும்பாலும் 17, 18 டிகிரியைத் தாண்டியதில்லை. இன்றைய பாரிஸ் அடுக்ககத்தில் கோடையில் 26 டிகிரி. அதில் 14.5 சதவீத கோத் து ரோனை ஊற்றினால் ஆல்கஹால் ஆவியாகி மூக்கில் ஏறும், பழ மணம் அடியில் போய்விடும். மாறாக, துவர்ப்பான சிவப்பை 8 டிகிரிக்குக் குளிர வைத்தால் துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகி மணம் அடங்கிவிடும். நல்ல அளவுகள்: நுரை ஒயின் 8 டிகிரி, முஸ்கதே, பிக்பூல் போன்றவை 8 முதல் 10, ஷார்தொனே 11, 12, போஜொலேயும் லுவாரின் சிவப்பான ஷினோனும் 13, 14, கனமான சிவப்பு 16, 17. சாதாரண ஃப்ரிட்ஜில் 24 டிகிரி பாட்டிலை வைத்தால் கனமான சிவப்புக்கு ஒரு மணி நேரம், போஜொலேக்கு இரண்டு, வெள்ளைக்கு மூன்றரை முதல் நான்கு. அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். கழுத்து வரை முங்கினால் கால் மணி நேரத்தில் வெள்ளை தயார். ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று குளிர் தாமதமாகும், தண்ணீரை மறக்காதீர்கள்.

திறந்து முகர்ந்ததும் ஏதோ சரியில்லை என்றால் எது குற்றம், எது இல்லை என்று பிரித்தறிய வேண்டும். ஈர அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடந்த நிலவறை வாடை அடித்து, பழ மணமே இல்லையென்றால் தக்கைக் கெடுதல், ‘பூஷோனே’. காற்று பட்டு நேரமாக ஆக அது கூடும். மருந்து கிடையாது, தக்கையோடு அப்படியே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். நல்ல காவிஸ்த் (ஒயின் கடைக்காரர்) மறுபேச்சின்றி மாற்றித் தருவார். தீக்குச்சி அல்லது முட்டை வாடை வந்தால் அது காற்றில்லாமல் அடைபட்டதன் விளைவு, ஒரு குடுவையில் ஊற்றிக் குலுக்கிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் மணம், நிறமும் பழுப்பு என்றால் காற்று புகுந்துவிட்டது. தக்கை வெளியே தள்ளிக்கொண்டு, கழுத்தில் ஒயின் கசிந்த கறை இருந்தால் எங்கோ சூடுபட்டது; கடையிலேயே பார்த்து விலக்குங்கள். அடியில் கண்ணாடித் துகள் போல மின்னும் படிகங்கள் குற்றமே இல்லை, டார்ட்டரிக் அமிலம் குளிரில் படிந்த உப்பு.

மிச்சம் வைத்தால் சிவப்பானாலும் தக்கையடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளை மூன்று, நான்கு நாள் தாங்கும், சிவப்பு மூன்று நாள். பாதிதான் குடிப்பீர்கள் என்று முன்பே தெரிந்தால், திறந்தவுடனே ஒரு 375 மில்லி பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடிவிடுங்கள். மேலே காற்று இல்லாததால் ஒரு வாரம் வரும். அன்றாடம் ஒரு கோப்பை மட்டும் போதும் என்பவர்களுக்கு 3 லிட்டர் பெட்டி ஒயின். உள்ளே உள்ள பை சுருங்கிக்கொண்டே போவதால் காற்று புகாது, திறந்தபின் நான்கு வாரம் நிற்கும். கூட்டுறவுகள் தங்கள் நல்ல ஒயினையே பெட்டியிலும் விற்கிறார்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் காய்கறியும் மீனும் வாங்கிச் சமைக்கிற வீட்டில் எந்த ஒயின் என்றும் சொல்ல வேண்டும். மிளகாய் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் கூட்டிக்காட்டும். எனவே 14 சதவீத ரோனும் காரக் கறியும் ஒன்றையொன்று கெடுக்கும். ஆட்டுக்கறிப் பிரட்டலுக்குக் குளிர்ந்த போஜொலே வில்லாஜ், காரம் அதிகமான கோழிக்கறிக்கு லேசாக இனிக்கும் ‘வூவ்ரே தெமி செக்’ அல்லது அல்சாஸ் கெவுர்ஸ்ட்ராமினர். பொரித்த மீனுக்கு முஸ்கதே. புளி கரைத்த குழம்புக்கு எந்த ஒயினும் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. குழம்பைவிடப் புளிப்புக் குறைந்த ஒயின் தண்ணீர்போல ஆகிவிடும். குடித்தே ஆகவேண்டுமென்றால் பிக்பூல்.

பழக ஒரு வழி, ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் திறப்பது. தனியாகக் குடித்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் சொல்ல வராது. தூரேன் சோவிஞோனையும் மாகோன் வில்லாஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கூர்மை, ஒன்று உருண்டை என்பது முதல் வாயிலேயே தெரியும். அடுத்து போஜொலே வில்லாஜும் ஊர்ப் பெயர் சேர்ந்த கோத் து ரோனும். மூன்றாவதாக ஷினோனும் கஸ்தியோனும். ஷினோனில் குடைமிளகாய் வாசனை தெரிந்தால் அது காபெர்னே ஃப்ரான் திராட்சையின் குணம், குளிரான ஆண்டுகளில் கூடுதலாக இருக்கும். ஆறு பாட்டிலுக்கும் சேர்த்து 55 யூரோவைத் தாண்டாது. நான்கைந்து பேர் சேர்ந்தால் மிச்சமும் இருக்காது. கோப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது, சுழற்ற இடம் வேண்டும்.

கடைக்காரரிடம் ‘நல்ல ஒயின் தாருங்கள்’ என்று கேட்டால் அவர் விற்க நினைப்பதைத் தருவார். ‘10 யூரோவுக்குள், துவர்ப்புக் குறைந்த சிவப்பு, கோழிக்கறியோடு, போன முறை வாங்கிய ப்ரூயி பிடித்திருந்தது’ என்று நான்கு தகவலும் சொல்லிக் கேளுங்கள். பிடித்த பாட்டிலின் முன், பின் லேபிள் இரண்டையும் போனில் படமெடுத்து வைத்திருந்தால் பேச்சே தேவையில்லை. செப்டம்பரில் எல்லாச் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஒயின் சந்தை நடக்கும், ‘ஃபுவார் ஓ வான்’. தள்ளுபடி அட்டையைப் பார்த்து அங்கேயே பெட்டி பெட்டியாக அள்ளாதீர்கள். கண்ணில் பட்ட மூன்று வகையில் ஒவ்வொரு பாட்டில் வாங்கி அன்று மாலையே திறந்து பாருங்கள். தேறியதை மட்டும் மறுநாள் காலை கடை திறந்ததும் ஆறாக வாங்கலாம். நல்லவை முதல் வார இறுதிக்குள் தீர்ந்துவிடும்.